ஒன்று புள்ளி நாலா, ஒன்று புள்ளி எட்டா?

போன செவ்வாய்க்கிழமை காலையில் கூரியர்காரர் ஒரு பெட்டியைக் கையில் திணித்துவிட்டுப் போனார். முகவரி என்னுடையது, பொருள் என்னுடையதல்ல. பெங்களூரில் இருக்கும் என் தங்கை மகன் இணையத்தில் வாங்கிய பழைய லென்ஸ். "பகல்ல நான் ரூம்ல இருக்க மாட்டேன் பெரியம்மா, ஊருக்கு வாரப்ப எடுத்துக்கிறேன்" என்று ஸ்ரீவில்லிபுத்தூர் முகவரியைக் கொடுத்திருக்கிறான். இது மூன்றாவது பெட்டி.

ஒரு மாதமாக இந்த லென்ஸை வைத்து அவன் என்னை வறுத்தெடுக்கிறான். ஐம்பது எம்.எம். வேண்டுமாம். கையால் வளையத்தைத் திருப்பி போகஸ் பண்ணுகிற பழைய வகையாக இருக்க வேண்டுமாம். வெளிச்சம் குறைந்த இடத்திலும் எடுக்க வேண்டும், முகத்தை எடுத்தால் பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோக வேண்டும். லென்ஸ் மேல் ஓர் எண் போட்டிருக்கும்; அது குறையக் குறைய லென்ஸின் வாய் பெரிது, உள்ளே வரும் வெளிச்சமும் அதிகம். முதலில் ஒன்று புள்ளி எட்டு வாங்கினான், பத்தவில்லை என்றான். அடுத்து ஒன்று புள்ளி நாலு. அது வெளிச்சத்தில் மங்குகிறது என்றான். இப்போது வந்திருப்பது ஒன்று புள்ளி ரெண்டு. நான் சாப்பிட உட்காரும் நேரம் அவனுக்கு எப்படித்தான் தெரியுமோ, தட்டில் கை வைத்ததும் போன் அடிக்கும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்: "சரிடா, இத வச்சு யாரை எடுக்கப் போற?"

"அத இன்னும் முடிவு பண்ணல பெரியம்மா."

நீங்களே சொல்லுங்கள், இவனிடம் என்ன பேசுவது?

அடுத்தவர் பெட்டியைப் பிரிக்கக் கூடாதுதான். பிரித்தேன். உள்ளே பஞ்சுக் காகிதம் சுற்றி, உள்ளங்கையை நிறைக்கும் கனத்தில் கறுப்பாக ஒரு லென்ஸ். மூடியைக் கழற்றியதும் காய்ந்த கிரீசும் பாச்சை உருண்டையும் நாள்பட்ட பீரோவும் கலந்த ஒரு வாடை வந்தது. அந்த வாடை என்னைச் சொல்லாமல் கொள்ளாமல் ராஜபாளையத்துக்கு, காசிம் அண்ணனின் ஸ்டுடியோவுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம், ஓர் உரக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்த ஸ்டுடியோ. எங்களிடம் எடுத்த படத்துக்கெல்லாம் லேசாக யூரியா வாடை உண்டு என்று ஊரில் கேலி பண்ணுவார்கள். பெண்கள் பெண்ணிடம்தான் படம் எடுத்துக்கொள்வோம் என்று சொல்லத் தொடங்கியதால் காசிம் அண்ணன் என்னை வேலைக்கு வைத்தார். தட்டச்சு படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த எனக்குக் கேமரா என்றால் என்னவென்றே தெரியாது. பிலிம் சுருள் கேமராவின் பல்லில் மாட்டாமலே, ஒரு படம்கூட விழாமல், ஒரு வளைகாப்பு முழுவதையும் எடுத்துத் தந்த பெருமை எனக்கு உண்டு. அன்றைக்கு வேறு யாராக இருந்தாலும் என்னை மாடிப்படியில் உருட்டி விட்டிருப்பார்கள். காசிம் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, என் வீட்டில் பேசுவது தெலுங்கு என்பதால், "ஏமண்டி போட்டோகிராபர்காரு, போய் ரெண்டு டீ சொல்லிட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான்.

பொறுமைசாலி என்று நினைத்துவிட வேண்டாம். அவருடைய பொறுமை வெளியாட்களுக்கு மட்டும்தான். கூடப் பிறந்த அக்காவிடம் அதில் ஒரு சொட்டு மிஞ்சாது.

அக்காவின் பெயர் ஜெய்னம்பு. அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தார். கணவர் இல்லை, ஒரே மகள் கட்டிக்கொடுத்த ஊரில் இருந்தாள். ஜாக்கெட் துணியும் நைட்டியும் பெரிய பையில் அடைத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்பார். "ஏட்டி, இந்தப் பச்சை ஒனக்குன்னே நெய்ஞ்சது" என்று அவர் ஒரு வாசலில் சொன்னால் நாலு வாசலில் கேட்கும். அந்த வருஷம் அக்காவும் தம்பியும் ஹஜ்ஜுக்குப் போவது என்று முடிவானது. இருவருக்கும் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். திருச்சிக்கு மனுக்களைக் கொண்டுபோகும் ஏஜெண்ட் வெள்ளிக்கிழமை வருவார். அதைத் தவறவிட்டால் அந்த வருஷப் பயணம் இல்லை.

காசிம் அண்ணனின் படம் ஒரே கிளிக்கில் முடிந்தது. அக்காவின் படத்தில்தான் எல்லாம் நின்றது.

அவர் கண்ணை மூடிவிடுவார். பிளாஷ் வெட்டுகிற அந்தக் கணத்தில், தவறாமல், இறுக்கமாக. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்போது எடுத்த படத்தை உடனே பார்க்க முடியாது. கலர் லேப் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது. பிலிமைக் கழற்றி, பஸ் ஏறி, கொடுத்து, காத்திருந்து, வாங்கி, கவரைப் பிரித்துப் பார்த்தால் அக்கா கண்ணை மூடியிருப்பார். திரும்பப் பஸ். திரும்ப எடுப்பது. திரும்ப ஸ்ரீவில்லிபுத்தூர். திரும்பவும் மூடிய கண். அந்த வாரத்தில் கண்டக்டர் என்னைப் பார்த்ததும் கேட்காமலே டிக்கெட் கிழிக்க ஆரம்பித்துவிட்டார்.

"கண்ணத் தொறந்து வையேன்க்கா! ஊரே தொறந்து வைக்குது, ஒனக்கு மட்டும் என்ன?"

"நான் தொறந்துதான்லே வச்சிருக்கேன். ஒன் மெசின்தான் மூடுது."

புதிதாக வாங்கிய இரண்டு குடை பிளாஷ்கள் மேல் காசிம் அண்ணனுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. அவற்றைத் தூக்கிப்போடச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் வெயிலில் எடுத்துப் பார்த்தேன். அக்கா எலுமிச்சம்பழத்தைக் கடித்தவர் போல முகத்தைச் சுருக்கிக்கொண்டார். காற்றில் முக்காடு பறந்தது. எதிர் மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "இனிமே இந்தப் பக்கம் ஏற மாட்டேன்" என்று இறங்கிப் போய்விட்டார். ஸ்டுடியோவுக்குள்ளோ ஜன்னலே கிடையாது. பிளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டுமானால் அவர் வீட்டு ஜன்னல் வெளிச்சம்தான் மிச்சம். அந்த மங்கலுக்கு எங்கள் ஜூம் லென்ஸ் ஆகாது. அதன் வாய் சின்னது. கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தால், போகஸ் பார்க்கும் நடு வட்டத்தில் பாதி கறுத்துக் கிடக்கும்.

திங்கட்கிழமை லேப்காரர்தான் வழி சொன்னார். "பெரிய வாய் லென்ஸ் ஒண்ணு வேணும். ஆலங்குளம் சார்ட்ட ரெண்டு மூணு கெடக்கு. ஒண்ணு குடுப்பாரு. ஆனா…" என்று நிறுத்தி, "சாப்ட்டுட்டுப் போங்க" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்பது அரை மணி நேரத்தில் விளங்கிவிட்டது. ஆலங்குளம் சார், அந்த ஊர்ச் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, வடக்கு ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தார். வாரத்துக்கு ஒரு நாள் செண்பகத்தோப்புக் காட்டுக்குப் போய் சாம்பல் அணிலைப் படம் எடுப்பது அவர் பொழுதுபோக்கு. சுவர் முழுக்க மாட்டியிருந்தார். எல்லாவற்றிலும் வால் மட்டும் இருந்தது. "இது போறப்ப எடுத்தது" என்பார் ஒவ்வொன்றையும் காட்டி.

பீரோவைத் திறந்து வேட்டித் துணியில் சுற்றிய லென்ஸ்களை எடுத்து வைத்தார். சற்று முன்னால் சொன்னேனே, அதே வாடை. ஒன்று புள்ளி எட்டு, ஒன்று புள்ளி நாலு. ஒன்று புள்ளி ரெண்டு ஒன்றும் இருந்தது. அதைக் காட்டினார், தொட விடவில்லை. டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இல்லை என்று நிரூபித்தார். பிறகு தொடங்கினார்.

"எட்டுதான் நல்லது. முழுசாத் தொறந்து வச்சாலும் சுத்தமா வரும். நாலு தொறந்தா லேசா பனி அடிச்ச மாதிரி இருக்கும். மூஞ்சி எடுக்க எட்டுதான்."

"அப்ப எட்டையே குடுங்க சார்."

"அவசரப்படாத. வெளிச்சம் எம்புட்டு இருக்கும்னு பாத்துட்டு வா."

செவ்வாய்க்கிழமை அக்கா வீட்டு ஜன்னலில் வெளிச்சம் அளந்துகொண்டு போனேன். சார் குறிப்பைப் பார்த்துவிட்டு, "எட்டு பத்தாது. கை ஆடிரும். நாலுதான்" என்றார். "அப்ப நாலக் குடுங்க." "ஆனா நால முழுசாத் தொறந்தா, கண்ணுல போகஸ் வச்சா காது கலங்கும். அந்தம்மா அசையாம இருப்பாகளா?" இருக்க மாட்டார்கள் என்றேன். "அப்ப எட்டுதான்."

அழுகை வந்துவிட்டது எனக்கு. அவர் மனைவி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அவிய போன மாசம் அரிசி பொடைக்கிற சொளகு வாங்குறதுக்கே நாலு நாளு யோசிச்சாக" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை காசிம் அண்ணனையும் கூட்டிப்போனேன். அதைவிடப் பெரிய தப்பு வேறில்லை. அவர் எட்டுதான் என்றார், ஏனென்றால் அது சின்னது, சொன்னபடி கேட்கும். அவர் எட்டு என்றதும் சார் நாலுக்கு மாறினார். இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் "நீங்க சொல்றது சரி, ஆனா" என்று சொல்லியே ஒரு மணி நேரத்தை ஓட்டினார்கள். அந்த நேரத்தில் நான் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேமராவில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாரின் இருட்டான சாமான் அறையில் தொங்கிய ஒரு பழைய நாள்காட்டியைக் குறி வைத்தேன். எட்டைத் திருப்பினால் வளையம் இறுகி இறுகி நகர்ந்தது. கிரீஸ் காய்ந்திருக்க வேண்டும். அக்கா ஒரு விரற்கடை முன்னால் சாய்ந்தால் என்னால் அதைத் தொடர்ந்து திருப்பவே முடியாது. நாலைத் திருப்பினேன். எண்ணெய் தடவியது போல நழுவியது. நடு வட்டத்தில் இரண்டாக வெட்டிக்கொண்டு நின்ற எழுத்துகள் மெல்ல வந்து ஒன்றோடொன்று பொருந்தின. எந்தப் பாதியும் கறுக்கவில்லை. அந்த இருட்டு அறையில் கிழமைக்குக் கீழே இருந்த ராகு காலம் வரைக்கும் படித்தேன்.

"நாலு" என்றேன்.

"ஏன்?" என்றார்கள் இரண்டு பேரும்.

"வளையம் நல்லாத் திரும்புது."

ஆலங்குளம் சார் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. இத்தனை வருஷத்து ஞானத்தை ஒரு பெண்பிள்ளை கதவுக் கீல் பார்த்து வாங்குவது போல முடித்துவிட்டாளே என்ற பார்வை. லென்ஸைப் பொட்டலம் கட்டி வாசல் வரை வந்து கொடுத்துவிட்டு, நாங்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது சாவகாசமாகச் சொன்னார்: "யோசிச்சுப் பாத்தா, மங்கல்லயும் எடுக்குற நானூறு பிலிம் போட்டிருந்தா ஒங்க பழைய லென்ஸ வச்சே ஓரளவு சமாளிச்சிருக்கலாம்."

காசிம் அண்ணன் மாட்டிய செருப்போடு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து விறுவிறுவென்று நடையைக் கட்டினார்.

வியாழக்கிழமை காலை அக்கா வீட்டுக்குப் போனோம். பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்து. முன்னறையில் ஒற்றை ஜன்னல். பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு போர்வையை மாட்டப் பார்த்தோம். சுவரில் ஆணி இறங்கவில்லை, காரைதான் உதிர்ந்தது. கடைசியில் அக்கா சொன்னபடி காசிம் அண்ணன் போர்வையின் இரண்டு முனைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னால் நின்றார். அக்கா அதற்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அக்காவின் முகத்தை அவ்வளவு நேரம், அவ்வளவு கிட்டத்தில் நான் அதுவரை பார்த்ததே இல்லை. போகஸ் வைத்தால் அவர் சாய்வார். நான் தொடர்ந்து திருப்பினால் அவர் பின்னால் போவார். "அசையாதீங்கக்கா" என்றால், "மூச்சு விடலாமா, அதுவும் கூடாதா?" என்பார். போர்வைக்குப் பின்னாலிருந்து, "கை வலிக்குது, சீக்கிரம்" என்று குரல் வரும். எனக்கு வேர்த்து ஊற்றியது. வலது கண்ணை மட்டும் பிடிப்பது என்று முடிவு பண்ணி வளையத்தைத் திருப்பிக்கொண்டிருந்தபோதுதான் இமைக்கு மேலே அதைப் பார்த்தேன். ஒரு பழுப்புக் கோடு, நகக்கீறல் அளவு.

பேச்சுக் கொடுத்தால் அசையாமல் இருப்பார் என்று கேட்டேன். "இமை மேல என்னக்கா, தழும்பா?"

"அதுவா? வெடி."

"என்ன வெடி?"

"சீனி வெடி. எனக்கு ஒம்பது வயசு, அவனுக்கு அஞ்சு. அவன்தான் கொளுத்தி எறிஞ்சான், வெளையாட்டுக்கு. மூஞ்சிக்கு நேரா வெடிச்சிருச்சு. அதுல இருந்து எங்கனயாச்சும் பளிச்சுன்னா கண்ணு தானா மூடிக்கிடும். நான் என்ன செய்ய?"

"வீட்டுல அப்பா என்ன சொன்னாங்க?"

"அத்தாட்ட நாந்தான் கொளுத்துனேன்னு சொல்லிட்டேன். இல்லன்னா அவன் தோல உரிச்சிருப்பாக."

சொல்லிவிட்டு அக்கா என்னை நேராகப் பார்த்தார். இரண்டு கண்ணும் திறந்திருந்தன. கொஞ்சம் சிரிப்பு கூட இருந்தது. அழுத்தினேன். கேமராவுக்குள் கண்ணாடி மேலெழும்பி விழுகிற சத்தத்துக்கு அவர் இமைக்கவே இல்லை. பிலிமைச் சுற்றிவிட்டு மறுபடி கண்ணை வைத்தால், பின்னால் இருந்த வெள்ளை மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"யாரு கொளுத்துனது?"

"ஏலே, நீ இங்கனயா நிக்க?" என்றார் அக்கா திரும்பாமல்.

"போர்வையப் பிடிச்சுக்கிட்டு நிக்கச் சொன்னது நீதானக்கா! நாப்பத்தஞ்சு வருசமா ஏன் சொல்லல?"

"சொல்லி? நீ என்ன கண் டாக்டரா?"

"ஒரு வாரமா கண்ணத் தொற, கண்ணத் தொறன்னு ஒன்னத் திட்டிக்கிட்டு இருக்கேன்."

"திட்டுனா திட்டு. என்னமோ இன்னைக்குத்தான் புதுசாத் திட்டுறவன் மாதிரி."

காசிம் அண்ணன் அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். கோபப்பட்டார். அத்தா மேல், அக்கா மேல், வெடி விற்றவன் மேல், எல்லோர் மேலும். என் விரல் எப்போது அழுத்தியதென்று எனக்கே தெரியாது. இரண்டாவது படம் அப்படித்தான் விழுந்தது.

லேப்காரர் முதல் படத்தைப் பார்த்துவிட்டு, "காது தெளிவில்லையே" என்றார். அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். ஏஜெண்ட் காதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அக்காவின் கண் அப்படித் துல்லியமாக இருந்தது.

இரண்டாவது படத்தில் அக்கா முன்னால் இருக்கிறார், வாய் பாதி திறந்து, ஏதோ சொல்லிக்கொண்டு. பின்னால், நெஞ்சு வரை இறங்கிய வெள்ளைத் துணிக்கு மேலே, காசிம் அண்ணனின் முகம். முகம் என்று தெரியும், அவ்வளவுதான். கோபமா அழுகையா என்று பிரிக்க முடியாதபடி நீரில் கலைந்தது போல. அதைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். குடை பிளாஷ்கள் அப்படியே இருந்தன, அவற்றின் மேல் நம்பிக்கையும் குறையவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாராவது கண்ணை மூடினால் அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. "அவுகளுக்கு என்ன இருக்கோ, லென்ஸ மாத்து தங்கச்சி" என்பார்.

ஹஜ்ஜுக்குப் போய் வந்தார்கள். ஆலங்குளம் சாருக்கும் பேரீச்சம்பழம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "இருந்தாலும் எட்டுதான் சரி" என்றார்.

நான் கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்துவிட்டேன். லேப் இருந்த இடத்தில் இப்போது ஜூஸ் கடை. சாரின் வீட்டை இடித்துக் கோயிலுக்கு வரும் வண்டிகள் நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். காசிம் அண்ணன் இறந்து பல வருஷமாகிறது. மாடியில் மகன்கள் செல்போன் கவர் விற்கிறார்கள். நெகட்டிவ் மூட்டைகள் என்னவாயின என்று ஒரு முறை கேட்டேன். "இடத்த அடைச்சுக்கிட்டுக் கெடந்துச்சு ஆன்ட்டி, பழைய பேப்பர்காரர்ட்ட போட்டுட்டோம்" என்றான் பெரியவன். சார் திருப்பிக் கேட்காமலே எங்களிடம் தங்கிவிட்ட லென்ஸும் எந்தப் பையில் போனதோ அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் அத்தாவின் சட்டைப் பையில் ஒரு படம் இருந்ததா என்று கேட்க வாய் வரவில்லை. பாஸ்போர்ட் எடுக்க இப்போது யாரும் படம் கொண்டுபோவதே இல்லை, அங்கேயே எடுத்துக்கொள்கிறார்கள்.

ஜெய்னம்பு அக்கா போன வருஷம்தான் போனார். நாற்பது நாள் கழித்து அவர் பேத்தி என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். நன்னியின், அதாவது பாட்டியின், பழைய பாஸ்போர்ட் வீடு மாறியதில் காணாமல் போய்விட்டதாம். "நன்னி படம் ஒண்ணு வேணும் ஆன்ட்டி, கண்ணு தொறந்த மாதிரி. எங்கள்ட்ட இருக்கிற எல்லாத்துலயும் மூடித்தான் இருக்கு." பீரோ, பரண், பழைய ஆல்பம் எல்லாவற்றையும் இரண்டு பேரும் சேர்ந்து கவிழ்த்துப் பார்த்தோம். கிடைக்கவில்லை. கடைசியில், தன் போனில் இருந்த ஒரு கல்யாண வீட்டுப் படத்தையே பெரிதாக்கி மாட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அதில் ஜெய்னம்பு அக்கா பிரியாணித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறார்.